தவிட்டோடு போன உயிர்ச்சத்து

1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இருந்தவர்களை மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கூடத்துக்கு, இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர்க்கூடத்துக்கு. மற்ற சாப்பாடெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சோறு மட்டும் வேறு. ஒரு கூடத்துக்கு சயாமிலிருந்து வந்த, மில்லில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மறு கூடத்துக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி என்ற நோய் கண்டிருந்தது. 18 பேர் இறந்துபோயிருந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் நோயாளிகள் இரண்டே பேர். அந்த இருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுமில்லை. கட்டடத்தில் ஏதாவது கிருமி ஒளிந்திருக்குமோ என்ற ஐயத்தில் நடுவில் ஒருமுறை இரு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார் ஃபிளெட்சர். நோய் கட்டடத்தில் தங்கவில்லை, அரிசியின் பின்னாலேயே போனது.

இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொரு சோதனைக்கு அனுமதி தராது. ஆனால், சாப்பாட்டில் ஏதோ ஒன்று இல்லாமல் போவதாலேயே மனிதன் சாகலாம் என்பதை உலகம் நம்பத் தொடங்கியது இதுபோன்ற கணக்குகளால்தான். நம்புவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. பாஸ்டரும் கோக்கும் காட்டிய வழியில் நோய்க்கிருமிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நோய் என்றால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே நுழைந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கவேண்டியது இல்லாமல் போனதும் நோயாகலாம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

பெரிபெரியில் இரண்டு வகை. ஒன்று நரம்பைத் தாக்கும். முதலில் பாதம் மரத்துப்போகும். கெண்டைக்கால் வலிக்கும், உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியாது, பாதம் தொங்கிப்போய் நடை தள்ளாடும். இன்னொன்று இதயத்தைத் தாக்கும். கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் தளர்ந்து சில நாட்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும். நோயுள்ள தாயிடம் பால் குடிக்கும் இரண்டு, மூன்று மாதக் குழந்தைகளுக்கும் வரும். அப்போது குழந்தையின் தொண்டை அடைத்துப்போகும். வாய் திறந்து அழுவது தெரியும், சத்தம் வராது.

ஃபிளெட்சருக்கு அரிசி மேல் சந்தேகம் வந்ததற்குப் பின்னால் மலாயாத் தமிழர்கள் இருக்கிறார்கள். ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் பெருகிக்கொண்டிருந்த அந்த நாட்டில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என மூன்று கூட்டத்தார் அருகருகே வாழ்ந்தார்கள். வெயில், மழை, கொசு எல்லாம் மூவருக்கும் பொது. மூவருக்கும் சோறுதான் சாப்பாடு. ஆனால் பெரிபெரி சீனத் தொழிலாளிகளைத்தான் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கிராமத்து மலாய்க்காரர்களும் தப்பினார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை வீட்டிலேயே உரலில் குத்தித் தின்றார்கள். தமிழர்கள் ஊரில் சாப்பிட்டுப் பழகிய புழுங்கலரிசியை விடவில்லை. சீனர்கள் வாங்கியது மில் அரிசி.

பிராடனின் கண் சரியாகப் பார்த்தது, காரணத்தில்தான் சறுக்கினார். தீட்டிய பச்சரிசி பழசாகும்போது அதில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்றே அவர் கருதினார்.

இதே நஞ்சுக் கதைதான் ஜாவாத் தீவிலும் ஓடியது. பெரிபெரியின் கிருமியைப் பிடிப்பதற்காக டச்சு அரசு 1886இல் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஒரு குழுவை அனுப்பியது. குழு திரும்பிப் போன பிறகும் அங்கே தங்கிவிட்டவர் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற இளம் ராணுவ மருத்துவர். அவருடைய சோதனைக்கூடத்துக் கோழிகளுக்குத் திடீரென்று கால் விளங்காமல் போனது. கிருமி ஏற்றிய கோழிக்கும் நோய், ஏற்றாத கோழிக்கும் நோய். குழம்பிக்கொண்டிருக்கும்போதே நோய் தானாகவே மறைந்தது. விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருந்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட உதவியாளர், ராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து மிஞ்சிய வெள்ளைச் சோற்றை வாங்கிப் போட்டுவந்திருக்கிறார். பிறகு புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்தின் சோற்றைச் சிவிலியன் கோழிகளுக்குத் தரமுடியாது என்று கறாராக மறுத்துவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. இந்தச் சம்பவத்தைத் தன் நோபல் உரையில் எய்க்மனே சொல்லியிருக்கிறார். மருத்துவ வரலாற்றில் ஒரு கஞ்சத்தனம் இவ்வளவு பயன்பட்டது வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

தவிட்டைப் போட்டால் கோழி தேறுகிறது என்பதுவரை எய்க்மன் நிரூபித்தார். ஆனால் அவரும் வெள்ளை மாவில் நஞ்சு, தவிட்டில் முறிமருந்து என்றே எண்ணினார். அவருடைய நண்பர் வோர்டர்மன் ஜாவாவின் சிறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி, நூறு சிறைகளுக்கு மேல் கணக்கெடுத்தார். தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பெரிபெரி பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. வெள்ளையரிசிச் சிறைகளில் 39 பேருக்கு ஒருவர். எய்க்மனுக்குப் பின் அதே கூடத்தில் அமர்ந்த கெரிட் க்ரைன்ஸ்தான் 1901இல் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பினார். நஞ்சுமில்லை, முறிவுமில்லை, நரம்புக்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் தவிட்டோடு போய்விடுகிறது, அவ்வளவுதான் என்றார். நோபல் பரிசு 1929இல் எய்க்மனுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் போனது. க்ரைன்ஸுக்குக் கிடைக்கவில்லை.

நம்ப மறுத்ததற்கு ஜப்பான் கொடுத்த விலை பெரியது. 1882இல் ரியூஜோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் பயிற்சிப் பயணம் கிளம்பியது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி. 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ அடுத்த கப்பலின் சாப்பாட்டை மாற்றச் சொன்னார். வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சி, பால், பார்லி என்று சேர்த்தார். 1884இல் அதே வழியில் போன த்சுகுபா கப்பலில் ஒருவர்கூடப் பெரிபெரியால் சாகவில்லை. புரதம் போதாததுதான் காரணம் என்று தகாகி நினைத்தார், அது தவறு. ஆனால் கடற்படை பிழைத்தது. தரைப்படையின் மருத்துவ அதிகாரிகள் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் ஜப்பானின் மாபெரும் எழுத்தாளர்களில் ஒருவரான மோரி ஓகாய். ஜெர்மனியில் கிருமியியல் படித்தவர். சிப்பாய்க்கு வெள்ளைச் சோறு போடுவது கௌரவமும்கூட. கிராமத்து ஏழைப் பையன்கள் படையில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு கவர்ச்சி. 1904–05 ரஷ்யப் போரில் சுமார் 27,000 ஜப்பானியச் சிப்பாய்கள் பெரிபெரியால் மட்டும் மாண்டார்கள்.

தவிட்டில் இருந்த அந்தப் பொருளை 1926இல் ஜகார்த்தாவிலேயே யான்சன், டோனத் என்ற இருவர் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் வேதியியல் கட்டமைப்பைக் கண்டறிந்து 1936இல் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். பிறந்த ஊர் அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர். மிஷனரி தம்பதியின் மகன். அந்தப் பொருள்தான் தயமின் எனும் வைட்டமின் பி1.

அது உடம்பில் என்ன வேலை செய்கிறது? சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸ் செல்லுக்குள் போனதும் படிப்படியாக எரிக்கப்படுகிறது. அதில் ஒரு முக்கியமான படியைத் தாண்ட பி1 கூட நின்றாக வேண்டும். இல்லாவிட்டால், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் ஸ்பார்க் பிளக் இல்லாத வண்டியின் கதிதான். ஓயாமல் எரிபொருள் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் படுத்துவிடுகின்றன. வெறும் சோற்றை அதிகம் சாப்பிடச் சாப்பிட பி1 தேவையும் ஏறும். அதனால்தான் வயிறு நிறைய உண்டவர்களே விழுந்தார்கள். உடம்பு இதைப் பெரிதாகச் சேமித்து வைப்பதுமில்லை. மொத்தக் கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும்.

இனி புழுங்கலரிசியின் ரகசியம். நெல்லில் மேலே உமி. அதற்கடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய தவிட்டுத் தோல். ஒரு முனையில் ஊசிமுனையளவு முளைக்கரு. மற்றதெல்லாம் வெள்ளை மாவு. பி1இன் பெரும்பங்கு இருப்பது தவிட்டிலும் கருவிலும்தான். பச்சை நெல்லை மில்லில் விட்டுத் தீட்டினால் இரண்டும் தூளாகிக் கொட்டிவிடும். நெல்லை ஊறவைத்து அவித்தால் கதை மாறுகிறது. பி1 தண்ணீரில் கரையக்கூடியது. ஊறும் நீரோடும் ஆவியோடும் அது தவிட்டிலிருந்து உள்ளே மாவுக்கு நகர்கிறது. மாவு வெந்து, களத்து வெயிலில் காய்ந்து, கண்ணாடிபோல் இறுகும்போது வந்ததைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறகு மில்லில் தவிடு போனாலும் உள்ளே போனதில் பெரும்பகுதி தங்கிவிடும். இந்திய உணவுப் பட்டியல்களின்படி மில்லில் தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 0.06 மில்லிகிராம் பி1. அதே மில்லில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21. தவிட்டில் மட்டும் 2.7.

நெல் அவித்தவர்கள் யாரும் நரம்பை நினைத்து அவிக்கவில்லை. அவித்த நெல்லில் உமி எளிதில் கழலும், குத்தும்போது குருணை குறையும், அரிசியில் பூச்சி சீக்கிரம் விழாது. அவர்களுக்குத் தெரிந்த காரணங்கள் இவை. அவர்களுக்குத் தெரியாமலே கிடைத்த பி1 லாபத்தையும் சமையற்கட்டில் கொஞ்சம் தொலைத்துவிடுகிறோம் என்பது வேறு விஷயம். மூன்று நான்கு தண்ணீர் விட்டு அரிசியைக் களைந்து, நிறைய உலை வைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் பி1இல் ஒரு பங்கு அதோடு போய்விடும். கழுநீரும் கஞ்சியும் தவிடும் போய்ச் சேர்ந்த இடம் மாட்டுத் தொட்டி. மாடுகளுக்குப் பெரிபெரி வந்ததாகக் கேள்வியில்லை.

புழுங்கலரிசி பெரிபெரியைத் தடுப்பதற்கு இந்தியாவுக்குள்ளேயே ஓர் எடுப்பான சான்று கிடைத்தது. மதராஸ் மாகாணத்தில் புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிது. தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய கடலோர ஆந்திரத்தில், அது ஊரோடு ஒட்டிய நோய். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன் இதைத் துருவினார். அந்தச் சிறிய ஆய்வே வளர்ந்து, பின்னர் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. தமிழர்கள் ரொம்பவும் காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். இதே மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை என்று சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் முதலிடம். மதராஸி சாப்பாட்டு எலிகள் கடைசி.

அரிசிக்கு நடந்தது மக்காச்சோளத்துக்கும் நடந்திருக்கிறது. மெக்சிகோவின் பழங்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அதன்பிறகுதான் அரைப்பார்கள். சோளத்தில் நயாசின் என்ற பி3 உண்டு. ஆனால் குடல் உறிஞ்சமுடியாதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பிறகு அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் சோளமே கதியென்று கிடந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்தது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் புண் படரும், வயிற்றுப்போக்கு நிற்காது, கடைசியில் புத்தி பேதலிக்கும்.

இதுவும் தொற்றுநோய் என்றே அமெரிக்க மருத்துவர்கள் சாதித்தார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் பொறுமையிழந்து 1916இல் ஒரு காரியம் செய்தார். பெல்லாக்ரா நோயாளிகளின் ரத்தத்தைத் தனக்கே ஊசியால் ஏற்றிக்கொண்டார். புண்ணின் பொருக்கையும் மலத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார். சக மருத்துவர்களும் விழுங்கினார்கள். அவருடைய மனைவியும் ரத்தம் ஏற்றிக்கொண்டார். ஒருவருக்கும் நோய் வரவில்லை. அதற்குப் பிறகும் நம்பாதவர்கள் இருந்தார்கள். வறுமையும் பருத்தி முதலாளிகளின் கூலியும்தான் நோய்க்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்வதைவிடக் கிருமியை நம்புவது பலருக்கு வசதியாக இருந்தது.

தக்காணத்தில் பெல்லாக்ரா வந்தது மக்காச்சோளத்தால் அல்ல, வெள்ளைச் சோளத்தால். அதை ஹைதராபாத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலம் நயாசின் வேலையைக் கெடுக்கிறது என்ற கருத்தை 1960இல் அவரும் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் முன்வைத்தார்கள்.

மற்ற வைட்டமின்களில் சி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எலுமிச்சையும் ஆரஞ்சும் கப்பற்காரர்களின் ஈறுக் கசிவை நிறுத்திய கதை பள்ளிப்பாடத்திலேயே இருக்கிறது. தசையையும் எலும்பையும் பிணைக்கும் கொலாஜன் இழையை முறுக்கேற்றுவது வைட்டமின் சியின் வேலை. அது இல்லாவிட்டால் ஆறிய பழைய தழும்பும் திறந்துகொள்ளும். டி இல்லையென்றால் குடல் கால்சியத்தைச் சரியாக ஏற்காது. குழந்தையின் கால் வில்லாக வளையும். கே இல்லாவிட்டால் ரத்தம் உறையாது. பிறந்த குழந்தைக்குப் பிரசவ அறையிலேயே தொடையில் போடும் முதல் ஊசி அதுதான்.

ஏ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறமி அதிலிருந்துதான் உருவாகிறது. குறைந்தால் விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை தடுமாறும், அதுதான் மாலைக்கண். அப்புறம் வெண்விழியில் நுரைபோல் ஒரு திட்டு, கடைசியில் கருவிழியே இளகிப்போகும். கண்ணோடு முடிவதில்லை. குடல், நுரையீரல் ஆகியவற்றின் உள்தோலைக் காப்பதும் வைட்டமின் ஏ-தான். திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,000க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் லட்சுமி ரஹ்மதுல்லாவும் குழுவினரும் நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரந்தோறும் மிகச் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. சொட்டு மருந்தைக் கண்ணுக்கானது என்று மட்டும் நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

பெரிபெரி பழங்கதை ஆகிவிட்டதா என்றால், இல்லை. வெள்ளையரிசியை நம்பியிருக்கும் காஷ்மீரில், தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள் மூச்சுத்திணறலோடு வருவதையும் தயமின் ஊசி போட்டதும் வேகமாகத் தேறுவதையும் மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளிலும் பதிவுசெய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் மதுக்கடை வழியாக வருகிறது. சாப்பாட்டை விட்டுக் குடியே கதியென்று கிடப்பவருக்கு பி1 வரத்தும் நின்றுபோகும், குடல் உறிஞ்சுவதும் குறையும். கண் நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறி வருபவரைப் போதையில் இருக்கிறார் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1உம் தீர்ந்து மூளை நிரந்தரமாகக் கெடலாம். அதனால்தான் விவரமறிந்த மருத்துவர்கள் தயமின் ஊசியை முதலில் போடச் சொல்கிறார்கள். சோர்வு என்றாலே ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, கூடவே சத்து ஊசியும் போடுங்க’ என்று கேட்டு வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமே தேவைப்படுவதில்லை. பி-காம்ப்ளெக்ஸ் விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது, வேண்டாத ரிபோஃபிளேவின் வெளியேறுவதுதான். ஏயும் டியும் அப்படிப் போகாது. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கி, மிகுந்தால் தீங்கு செய்யும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிடுவது கருவுக்கே ஆபத்து.

பி12 குறைபாடு வேறு வழியில் வருகிறது. செடிகொடி எதிலும் பி12 கிடையாது. பால், தயிர்கூடத் தொடாத முழுச் சைவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோதான் வழி. நீரிழிவுக்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் அது குறையலாம். கால் மரத்துப்போனால் ‘எல்லாம் சுகர்தான்’ என்று விட்டுவிடாமல் ஒருமுறை பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

பிரதமரின் 2021 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டு ரேஷன் கடைகளுக்கு வந்துசேர்ந்த செறிவூட்டப்பட்ட அரிசியில் இந்த பி12 இருந்தது, கூடவே இரும்பும் ஃபோலிக் அமிலமும். அரிசி மாவில் சத்துகளைக் கலந்து, அரிசி வடிவிலேயே இயந்திரத்தில் வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண அரிசியோடு சேர்த்தார்கள். களையும்போது சில மணிகள் மிதந்ததும் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று புரளி கிளம்பி, பல வீடுகளில் அவற்றைத் தேடிப் பொறுக்கி எறிந்தார்கள். அதிகாரிகள் ஊர் ஊராகச் சமைத்துக் காட்ட வேண்டியிருந்தது. கட்டாயமாகச் சேர்க்கவேண்டியவை அந்த மூன்றும்தான். மில் பாலிஷில் பறிபோகும் பி1, விரும்பினால் சேர்க்கலாம் என்ற இரண்டாவது பட்டியலில் இருக்கிறது.